மாடிக் குழாயும் கெத்சி கொடுத்த மன்னிப்பும்

திருத்தங்கல்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் நாலு பேரும் சுகமாகவும் சமாதானமாகவும் இருக்கிறோம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை சுகம் என்கிற வரைக்கும் எழுதலாம், சமாதானம் என்று எழுதக் கை வரவில்லை. நீ அங்கே லூதியானா வெயிலில் எப்படி இருக்கிறாய்? கழுத்தில் வேனல் கட்டி வந்ததே, ஆறிவிட்டதா? மூன்று வேளையும் சப்பாத்தி சாப்பிட்டு வயிறு வலிக்கிறது என்றாயே, தயிர் வாங்கிச் சாப்பிடு என்று சொன்னேன், வாங்கினாயா இல்லையா? மே லீவுக்கு வர முடியாது, வார்டில் டூட்டி போட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னபோது நான் சரி என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். உன் அப்பா அன்றைக்கு முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை, ஏதோ நான்தான் உனக்கு டூட்டி போட்ட மாதிரி.

போனில் பேசாமல் இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனை எடுத்தால் கெத்சி பிடுங்குகிறாள், அவளிடமிருந்து உன் தம்பி ஆசேர் பிடுங்குகிறான், அவர்கள் சண்டையைத் தீர்ப்பதற்குள் உனக்கு டூட்டி வந்துவிடுகிறது. நீ கேட்டதும் ஒரு வரியில் பதில் சொல்லுகிற விஷயம் இல்லை. அங்கே உங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்க உன்னைப் போட்டிருக்கிறார்கள், பாடம் மன்னிப்பு, கிருபை, எங்களுக்கு நீங்க சின்ன வயசில் எப்படிச் சொல்லித் தந்தீங்களோ அப்படியே எழுதி அனுப்புங்கம்மா என்று மெசேஜ் போட்டிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேட்டதுதான் கேட்டாய், போன மாதம் கேட்டிருந்தால் நான் நன்றாகவே எழுதியிருப்பேன், மூன்று குறிப்பு, ஒரு கதை, ஒரு பாட்டு என்று. இப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன், அதில் உனக்கு ஏதாவது உதவுமா பார்.

மே மாதம் நம் சர்ச்சில் வி.பி.எஸ். நடந்தது, நீ பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போவாயே அதே லீவு வகுப்புதான். இந்த வருஷம் கிருபை என்பதுதான் தலைப்பு. சுகந்தி டீச்சர் பிள்ளைகள் மனதில் பதியட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஒரு வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு சார்ட், உன் அப்பா பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வேஸ்ட் ஷீட்தான், முன்பக்கம் குருவி வெடி லேபிள், பின்பக்கம் வெறும் வெள்ளை. உனக்குக் கெடுதல் செய்த ஒருவரிடம் போய் நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தால் அந்த வெள்ளைப் பக்கத்தில் ஒரு ஸ்டார் ஒட்டலாம். பக்கம் நிறைந்தால் பரிசு. ஆசேர் மூன்றாம் வகுப்பு முடித்தவன், இதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை என்று பேழை செய்யப் போய்விட்டான், தெர்மகோலில் ஒரு பேழை, பைபிளில் வெள்ளத்தில் மிதக்கிற அந்தக் கப்பல்தான், மிருகங்களோடு. கெத்சிதான் பிடித்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை, ஸ்டார் என்றால் உயிர். அப்பா பரோட்டா வாங்கி வராததற்கு மன்னித்தாள். நான் தலையை இழுத்துப் பின்னியதற்கு மன்னித்தாள். ஆசேர் பென்சிலை உடைத்ததற்கு, பென்சிலை ஒளித்ததற்கு, பென்சில் இல்லை என்று பொய் சொன்னதற்கு என்று தனித்தனியாக மன்னித்தாள். அதற்கு மேல் வீட்டில் தப்பு செய்ய ஆள் இல்லை. அப்புறம் ஒரு நாள் பார்க்கிறேன், ஆசேர் பின்னாலேயே நடந்து, என்னைய ஒரு அடி அடி, ஒரே ஒரு அடி, மெதுவா அடிச்சாலும் போதும் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அவன் அடிக்க மாட்டேன் என்கிறான். அடிக்காததற்காக அவனைக் கிள்ளிவைத்துவிட்டு அழுகிறாள். நான் உன் அப்பாவிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். அவருக்கு என்ன, காலையில் மெஷினில் ஏறினால் ராத்திரி நகக்கண்ணில் மையோடு வருகிறார், இப்போது லேபிள் சீசன், சிரிக்க மட்டும்தான் வீட்டுக்கு வருகிறார்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்த வரைக்கும் பரவாயில்லை. கீழ்வீட்டு செல்வலட்சுமி அக்காவை உனக்குத் தெரியும். உன் கல்லூரி அட்மிஷன் சமயத்தில் நாங்கள் அலைந்த நாளெல்லாம் இந்த இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். வீட்டுக்காரம்மா என்றாலும் ஒரு நாளும் அப்படி நடந்துகொண்டதில்லை. நான் கேலண்டர் ஆபீஸில் புரூஃப் பார்த்துவிட்டு வருகிற வரைக்கும் பிள்ளைகள் அங்கேதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அதுவும் உனக்குத் தெரியும். ஆசேரும் அவர்களும் ஜோடி சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பார்கள், அவன் ஸ்கோர் சொல்ல, அவர்கள் அம்பயரைத் திட்ட. இந்த மாதம் முனிசிபாலிட்டித் தண்ணீர் சரியாக வரவே இல்லை. அக்கா லாரிக்குச் சொல்லி மாடித் தொட்டியை நிரப்பி வைத்தார்கள், எல்லாருக்குமாகத்தான். மறுநாள் விடியற்காலையில் கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வத்தல் பிழிந்து போட்டார்கள். வேட்டி வேட்டியாக, வருஷத்துக்குத் தேவையானது. மத்தியானம் திருப்பிப் போடலாம் என்று ஏறிப் போனவர்கள் அங்கிருந்தே போட்ட சத்தத்தில் சாப்பாட்டுக்கு ஆபீஸிலிருந்து வந்திருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மாடிக் குழாய் திறந்து கிடக்கிறது. அடியில் நம் துணி ஊறவைக்கிற டப், அது நிரம்பி வழிந்து, மாடி பூராவும் தண்ணீர், வத்தல் எல்லாம் ஊறிக் கரைந்து வேட்டியோடு வேட்டியாகப் பசை மாதிரி கிடக்கிறது. தொட்டியைத் தட்டினால் வெறும் சத்தம். லாரித் தண்ணீர் அவ்வளவும் போய்விட்டது.

அக்கா எடுத்த எடுப்பில் இது ஆசேர் வேலைதான் என்றார்கள். நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் தொறக்கலம்மா என்றான். கண்ணைப் பார்த்துச் சொல்லு என்றேன், பார்த்துச் சொன்னான். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம், டப் எங்களுடையதுதான் அக்கா, வாங்க சேர்ந்து கழுவிவிடுவோம் என்று சொல்லியிருக்கலாம். தெருவே மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்கிற எரிச்சலில், என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்க்கா, அப்படி வளக்கல என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "அப்ப நான் பொய் சொல்றேனா? ஞாயித்துக்கிழமையானா வெள்ளையும் சொள்ளையுமா கிளம்புறவுக வீட்டுப் பிள்ளைக மட்டும் உண்மை பேசும், நாங்கள்ளாம் பொய்க்காரிகளா? ஒரு லாரித் தண்ணியும் தானா இறங்கி நடந்து போச்சாக்கும்?" என்று பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை வளர்ப்பு, படித்த திமிர், எல்லாம் வந்தது. நான் கீழே இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நியாயம் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டு அழுகிற அழுகை இருக்கிறதே, அது சீக்கிரத்தில் நிற்காது.

அன்று குடும்ப ஜெபத்தில் நான்தான் ஜெபித்தேன். உன் அப்பா ஜெபித்திருந்தால் நாலு வார்த்தையில் முடித்திருப்பார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆண்டவரே, எங்களை நியாயமில்லாமல் பேசினவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், செல்வலட்சுமி அக்காவின் மனதை மாற்றும் என்று பெயரைச் சொல்லியே ஜெபித்தேன். பெயரைச் சொன்னதும் உன் அப்பா தொண்டையைச் செருமினார், நான் நிறுத்தவில்லை. வெளியே யாரிடமாவது சொன்னால் புறணி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம் என்று எனக்கு அன்றைக்கு நினைப்பு. பக்கத்தில் ஒரு பிள்ளை கண்ணை மூடாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

காலையில் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன். கெத்சி கீழே போயிருக்கிறாள். அக்கா வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள், எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வேறு நிற்கிறார்கள். இவள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "பெரியம்மா, எங்கம்மா நேத்து ஜெபத்துல உங்கள மன்னிச்சுட்டாங்க. நானும் மன்னிச்சுட்டேன். உங்க மனசு மாறணும்னும் சொல்லிருக்கோம். எனக்கு ஒரு ஸ்டார்" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வந்து ஸ்டாரையும் ஒட்டிவிட்டாள். நான் ஈரத் தலையோடு வெளியே வரும்போது கீழேயிருந்து சத்தம் படியேறி வருகிறது. "ஏம்மா எமீமா, இங்கன வா! என் தண்ணியும் போச்சு, என் வத்தலும் போச்சு, அம்புட்டையும் கரைச்சு விட்டுட்டு நீங்க என்னைய மன்னிக்கீகளா? என்ன தப்புக்கு மன்னிக்கீக, அதையும் சொல்லிட்டு மன்னிங்க! லாரிக்கு நான்தான சொன்னேன், அதுக்கா? வத்தல் போட்டேனே, அதுக்கா?" எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பில் அக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. நான் மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே அவர்கள் வீட்டுக்காரர் சண்முகவேல் அண்ணன் மாடியேறி வந்தார். கையில் ஆசேருடைய பேட், கெத்சியின் தலையணை, அங்கே கிடந்த தண்ணீர்ப் பாட்டில், சீப்பு, எல்லாம். இனிமே அவ பிள்ளைகள அவளையே பாத்துக்கிடச் சொல்லுங்க என்று அக்கா சொல்லிவிட்டார்களாம். அவரும் பாவம், அவ அப்படித்தான் தங்கச்சி, ரெண்டு நாள்ல சரியாயிருவா என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போடாமலேயே இறங்கிப் போனார். அப்புறம் வந்து எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு நாளில் சரியாகவில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை ஆபீஸுக்கே கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த வருஷத் தினசரி கேலண்டருக்கு ராகு காலம், எமகண்டம் எல்லாம் சரிபார்க்கிற சமயம், ஒரு தேதி மாறினால் ஊரே திட்டும். அந்த நேரத்தில் கெத்சி பைண்டிங் பகுதிக்குப் போய் அங்கே வேலை பார்க்கிற மாரிச்செல்வியிடம், நீங்க யாருக்காவது கெடுதல் செஞ்சிருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆனால் அவளைவிட எனக்கு ஆசேர்தான் கவலை. அவன் சத்தம் போடவில்லை. மாம்பழம் வேண்டாம் என்றான். பேழையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். கீழே மேட்ச் ஓடுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பாதிப் படி வரைக்கும் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்வான். அதற்கு மேல் ஒரு படி இறங்க மாட்டான். உள்ளேயிருந்து அக்கா அம்பயரைத் திட்டுகிற சத்தம் வரும், இவன் வாய்க்குள்ளேயே ஸ்கோரைச் சொல்லிக்கொள்வான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பாவம் பிள்ளை, செய்யாத தப்புக்குப் பெயர் வாங்கிக்கொண்டு துவண்டு போய்விட்டான் என்று. அந்த எண்ணத்தில் அக்கா மேல் எனக்கு இன்னும் கோபம்தான் கூடியது.

போன ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து, அப்பமும் ரசமும் கொடுக்கிற நாள். யார் பேரிலாவது மனத்தாங்கல் வைத்துக்கொண்டு கை நீட்டக் கூடாது என்று உனக்குச் சின்னதிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான்தானே, எனக்கு உறுத்தியது. சரி, கெத்சி போய் வாயாடினதற்காவது மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டு சர்ச்சுக்குக் கிளம்பலாம் என்று நினைத்தேன். அவளைக் கூப்பிட்டு, கீழே போய்ப் பெரியம்மாட்ட சாரி சொல்லு என்றேன். எதுக்கு என்றாள். நீ அவங்கள மன்னிச்சேன்னு சொன்னதுக்கு என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "மன்னிச்சதுக்கு மன்னிப்பு கேக்கணுமா? அப்ப ஸ்டாரத் திருப்பிக் கொடுக்கணுமா?" என்றாள். உன் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறாள். அப்போது ஆசேர் குறுக்கே வந்து நின்றான். "அவள விடுங்கம்மா. நாந்தான் தொறந்தேன்" என்றான்.

பேழையை மிதக்கவிட்டுப் பார்க்கப் போயிருக்கிறான். டப் நிறைவதற்குள் ஒரு யானையை மறந்துவிட்டோம் என்று எடுக்கக் கீழே வந்தவன், யானை கிடைக்காமல், அப்புறம் மாம்பழம் நறுக்கியிருந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. நான் கேட்டபோது பயத்தில் இல்லை என்றான், உடனே நான் தெரு கேட்கிற மாதிரி என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு எப்படிம்மா சொல்றது என்று கேட்கிறான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்த கையோடு எனக்கும் அழுகை. இந்தக் களேபரத்துக்கு நடுவில் கெத்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, ஆசேர், நான் உன்னை மன்னிச்சுட்டேன் என்கிறாள். அடுத்த ஸ்டார்! அவனுக்கு வந்ததே கோபம், நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. "நீ ஒண்ணும் மன்னிக்க வேண்டாம்! உன் வத்தலா போச்சு?" என்று கத்தினான்.

பெனிட்டா, நான் இத்தனை வருஷம் சர்ச்சுக்குப் போகிறேன், எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தப் பயல் கேட்ட கேள்விக்கு அப்புறம் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா, விடு, நான் போய் அவகிட்ட பேசிக்கிறேன், சின்னப் பயல அனுப்பாத என்றார். ஆசேர், நானே போறேன் என்றான். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, பெரியம்மா மன்னிக்கலேன்னா என்னம்மா செய்ய என்று கேட்டான். நம் வீட்டில் சாரி என்று ஒருத்தர் சொன்னால், மன்னிச்சேன் என்று அடுத்தவர் உடனே சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் சாப்பாடு. உங்கள் மூன்று பேரையும் அப்படித்தான் பழக்கினேன், சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிற மாதிரி. மன்னிக்காமலும் இருக்கலாம்டா, அது அவங்க இஷ்டம், கேட்டு வாங்க முடியாது, ஆனாலும் நீ போய்ச் சொல்லணும் என்றேன். இதை நான் உங்களுக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. அவன் இறங்கிப் போனான். என்னை வரக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டுப் போனான்.

கீழே என்ன நடந்தது என்று எனக்குக் காதில் விழுந்தது மட்டும்தான் தெரியும். இவன் சொன்னது கேட்கவில்லை, அக்கா சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? ஏலே, உங்கம்மா என்னமோ கோர்ட்டு மாதிரி பேசினாளே! எமீமா, மேல இருந்து கேட்டுக்கோ! ஏலே, தண்ணிய விடு, அத என்ன பேங்குல போட்டு வட்டி வாங்கவா வச்சிருந்தேன்? ஒரு வருசத்து வத்தல்லே! இந்தக் கையப் பாரு, அச்சு பிழிஞ்சு பிழிஞ்சு தோலு உரிஞ்சிருக்கு, பாரு!" என்று ஒரே மூச்சாக. ஒரு வார்த்தைகூட அவனுக்குத் தள்ளுபடி இல்லை. அப்புறம் சத்தமே இல்லை. நான் இறங்கிவிடலாமா என்று எழுந்தேன், உன் அப்பா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உள்ளே டி.வி. போடுகிற சத்தம் வந்தது, முந்தின நாள் மேட்சை மறுபடி காட்டுகிறார்கள் போல. "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? உக்காரு. ஓவர் போயிட்டு இருக்கு" என்று அக்கா குரல். அவ்வளவுதான் பெனிட்டா. மன்னிச்சேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நாங்கள் ஒருவரும் சர்ச்சுக்குப் போகவில்லை. அவன் மத்தியானம் மேலே வந்து, இன்னொரு தடவை வத்தல் போடும்போது காக்கா ஓட்டுற வேலை எனக்குத்தான் என்று ஏதோ கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி சொல்லிவிட்டு ரெண்டு மாம்பழம் சாப்பிட்டான்.

சாயங்காலம் நான் இறங்கிப் போனேன். நல்ல சேலைகூடக் கட்டவில்லை, நின்ற கோலத்திலேயே போனேன். அக்கா, என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்னு சொன்னேன், நீங்க சொன்னதுதான் நிஜம், உங்களைத் தெருவில் வச்சுப் பொய்க்காரி ஆக்கிட்டேன் என்றேன். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை, புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டே, "பெத்தவ வேற எப்படிச் சொல்லுவா? நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பேன், இன்னும் ரெண்டு கூடவே சொல்லிருப்பேன். அதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்கள். அப்புறம் நிமிர்ந்தார்கள். "ஆனா சாமிகிட்டப் போயி எம்பேரச் சொல்லி வச்சிருக்கியே எமீமா, இன்னாரு மனசு சரியில்ல, மாத்துன்னு. அதுதான் எனக்கு ஆறல. அவரு உங்க சாமியோ எங்க சாமியோ, அங்கன எம்பேரு தப்பாத்தான கிடக்கு? அத முதல்ல அழிச்சிட்டு வா. அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் அடுத்தவர் அச்சடித்ததில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். எனக்கு அந்த வாசலில் நிற்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் ஆசேர் எழுந்து ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டான், ஒருவரும் சொல்லவில்லை. நான் ஜெபித்தேன். ஆண்டவரே, போன வாரம் செல்வலட்சுமி அக்காவைப் பற்றி நான் சொன்னது தப்பு, அவர்கள் சொன்னதுதான் நிஜம், மாற வேண்டிய மனசு என்னுடையது, பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று. முதல் தடவை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். கெத்சி என் தொடையைத் தட்டி, சத்தமாம்மா, கீழ கேக்காது என்றாள். மறுபடியும் முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னேன். கீழே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நான் பாதி சொல்லும்போது டி.வி. சத்தம் குறைந்தது. ஆமென் சொன்ன பிறகுதான் மறுபடி கூடியது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் கீழேதான், ஆனால் என்னிடம் பேச்சு பாதிதான். பேசினாலும் குத்தல்தான். நேற்றுக் காய்க்காரர் எடை குறைத்துப் போட்டுவிட்டார் போல, அக்கா அங்கேயிருந்தே, "ஏட்டி கெத்சி, இங்கன ஓடியா, இந்த ஆள ஒருக்கா மன்னிச்சுவிட்டுட்டுப் போ, எனக்கு நேரமில்ல" என்று கூப்பிடுகிறார்கள். இவளும் போகிறாள். இனி இந்தத் தெருவில் சாகிற வரைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார்கள், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இதில் எதை எடுத்து நீ வகுப்பு நடத்துவாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டார் மட்டும் கொடுத்துவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். யாரை மன்னிக்கலாம் என்று தேடிப் போகிற பிள்ளைகளிடம், யாருடைய வத்தல் போச்சு என்று முதலில் கேட்கச் சொல்லு. மற்றபடி நமக்கு எவ்வளவு மன்னிப்பு இலவசமாகக் கிடைத்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரிந்தால் எனக்கும் எழுது. நான் இவ்வளவு நாள் அதைக் கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு பேசியே பழகிவிட்டேன்.

பார்சலில் சாத்தூர் சேவு, கருப்பட்டி மிட்டாய், பருப்புப் பொடி வைத்திருக்கிறேன். அடியில் ஒரு கவரில் வத்தல் இருக்கிறது, அக்கா கொடுத்துவிட்டது, புது வத்தல். சிலது கோணல் மாணலாக இருக்கும், அது ஆசேர் பிழிந்தது. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரி, அடுப்பைக் குறைத்து வைத்தால் எண்ணெய் குடித்துவிடும். ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. தலைக்கு எண்ணெய் வை. ஞாயிறு ஆராதனைக்கு டூட்டியைக் காரணம் சொல்லாதே, நாங்கள் ஒரு வாரம் போகாததை உனக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. கெத்சி சார்ட்டில் இப்போது ஒரே ஒரு இடம்தான் காலி. செல்வலட்சுமி பெரியம்மாவுக்கு ஒட்டின ஸ்டாரை அவளே உரித்து எடுத்துவிட்டாள், நான் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைத்தாயிற்று என்றாள். யாரு என்றேன். பெனிட்டா அக்கா என்றாள். அக்கா உனக்கு என்ன செஞ்சா என்றேன். லீவுக்கு வர்றேன்னு சொல்லிட்டு வரல என்றாள். ஆகையால் அவள் உன்னை மன்னித்துவிட்டாளாம், கடிதத்தில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். எனக்கு அந்த அளவுக்குக் கிருபை இன்னும் வரவில்லை. நீ கிறிஸ்துமஸுக்கு வந்து வாசலில் நில், அப்புறம் யோசிக்கிறேன்.

நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னோடு இருந்து, தொடுகிற ஒவ்வொரு நோயாளிக்கும் உன் கையை ஆறுதலாக வைப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது, அவர் தூங்கிவிட்டார்.

பார்சல் வந்ததும் ஒரு மிஸ்டு காலாவது கொடு.

உன்மேல் கோபமாகவே இருக்கும்,
அம்மா எமீமா.